பிள்ளை மாற்றிய சனிக்கிழமைகள்

ஜனவரி 4, சனி

ஷர்மிளா பானு என்ற பெண் இந்த நோட்டைக் கொடுத்து, "தினமும் நாலு வரி எழுதுங்க சார், மனசுல வர்றத" என்றாள். முப்பத்தொரு வருடம் ஸ்டேஷன் நாட்குறிப்பு எழுதியவனுக்கு நாலு வரி ஒரு விஷயமா?

எழுதுபவர்: பொ. சுருளிவேல், வயது 54, சிறப்பு உதவி ஆய்வாளர், போக்குவரத்துப் பிரிவு, கரட்டூர். மனைவி வசந்தமணி, அங்கன்வாடி ஆசிரியை. மகன் கிஷோர், வயது 20, இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தோடு நின்றவன்.

மேற்படி கிஷோர் என்னோடு பேசி ஐந்து மாதம் பன்னிரண்டு நாள் ஆகிறது. நான் கூடத்துக்கு வந்தால் அவன் அறைக்குள் போகிறான். நான் டூட்டிக்குக் கிளம்பிய பிறகு சாப்பிடுகிறான். காரணம் தெரியவில்லை.

ஆகஸ்டில் ஒன்பது நாள் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தான். காய்ச்சல். அங்கே மனநல டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். (காய்ச்சலுக்கு எதற்கு மனநல டாக்டர் என்று கேட்கக் கூடாது.) அவர்தான் இந்தக் குழுவுக்குக் குடும்பத்தோடு போகச் சொன்னார். நான்கு மாதம் தட்டிக் கழித்தேன். இன்று வசந்தமணி ஆட்டோவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "ஏறுங்க" என்றாள். ஏறினேன்.

குழு கூடும் இடம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சின்னக் கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் சும்மா தருகிறார்கள். ஏழு குடும்பம், ஏழு பிள்ளைகள். சாம்பார் வாசனை சுவரிலேயே ஊறியிருக்கிறது. யாரையாவது குணப்படுத்துகிறார்களோ இல்லையோ, எல்லோருக்கும் பசி எடுக்கிறது.

ஷர்மிளா பானுவுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளர். "உங்க பிள்ளைகிட்ட உங்களால பேச முடியல, அவ்வளவுதானே? சரி, பேச வேணாம். அடுத்தவங்க பிள்ளைகிட்ட பேசுங்க. உங்க பிள்ளை அடுத்தவங்க வீட்டுக்குப் போகட்டும். சனிக்கிழமை பத்துல இருந்து பன்னெண்டு" என்றாள்.

எனக்கு ஒதுக்கப்பட்டவள்: நாகஜோதி, வயது 17. பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் எட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு நின்றவள். இவள் தாயார் பேச்சியம்மாள் பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கிஷோர் அங்கே போகிறான்.

என் மகன் பஞ்சர் கடையில். கண்ணாடி உடைத்தவள் என் வீட்டில். எழுத்துப்பூர்வமாக ஆட்சேபிக்கலாமா என்று யோசித்தேன். வசந்தமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு யோசனையைக் கைவிட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

நாலு வரி வரவில்லை. வசந்தமணி கிஷோர் அறையில்தான் படுக்கிறாள். ஆகஸ்டிலிருந்தே அப்படித்தான். என் குறட்டை ஒத்துக்கொள்ளவில்லையாம்.

ஜனவரி 11, சனி

காலை எட்டு மணிக்கே கூடத்தில் இருந்த கண்ணாடிச் சாமான்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பத்து மணிக்கு வந்தாள். ஒடிசலான பெண். ஒரு கண்ணாடியை உடைக்கக்கூடத் தெம்பிருக்குமா என்று தோன்றும். ஷர்மிளா பானு விதித்த விதிமுறைகள் மூன்று: புத்தி சொல்லக் கூடாது, படிப்பைப் பற்றிக் கேட்கக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது. இந்த மூன்றையும் கழித்தால் எனக்குப் பேசத் தெரிந்தது எதுவும் மிச்சமில்லை. எனவே நாற்பது நிமிடம் இருவரும் சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்தோம்.

"இந்தத் தொப்பி வெயில்ல சுடுமா சார்?" என்று கேட்டாள். ஆணியில் என் தொப்பி தொங்கியது.

"சுடும்."

எடுத்துப் போட்டுக்கொண்டாள். பீரோக் கண்ணாடி முன் நின்று என்னைப் போலவே வயிற்றை முன்தள்ளி, "ஓரங்கட்டுய்யா வண்டிய" என்றாள். குரல், இழுவை, எல்லாம் நானே. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுப்படியில் வசந்தமணி சிரித்துப் புரையேறியது கேட்டது. அவள் சிரித்தே பல மாதமாகிறது.

"என்னைய எங்க பாத்த?"

"காந்தி சிலை சிக்னல்ல. தெனமும் கத்துவீங்கள்ல. எங்கம்மா கடைக்கு வர்றவய்ங்க எல்லாம் உங்களப் பத்தித்தேன் பேசுவாய்ங்க."

"என்ன பேசுவாங்க?"

"அது ரூல்ஸ்ல இல்ல சார். கேக்கக் கூடாது."

கிஷோர் பன்னிரண்டேகாலுக்குத் திரும்பினான். இரண்டு கையிலும் கறுப்பு மசி. என்னைத் தாண்டி உள்ளே போனான். போகிறபோது ஏதோ முனகியதுபோல் இருந்தது. பாட்டா? எனக்கு அப்படித்தான் பட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பந்தோபஸ்து. கிஷோர் கரும்பு தின்றான் என்று வசந்தமணி போனில் சொன்னாள். எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு கணு" என்றாள். "முழுசாவா?" என்று கேட்டேன். வைத்துவிட்டாள்.

ஜனவரி 18, சனி

இன்றைக்கு நடந்ததை இன்ஸ்பெக்டர் படித்தால் எனக்கு மெமோ நிச்சயம்.

நாகஜோதி வந்தாள். இப்போது என்னை "மாமா" என்கிறாள். பேச்சியம்மாள் அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார், அதனால் இந்தப் பதவி. நாற்காலியில் உட்கார்ந்தவள் திடீரென்று இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசிலடித்தாள். எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. தெருமுனையில் ஒரு ஆட்டோ பிரேக் போட்டது.

"உங்களுக்கு வருமா மாமா?"

"முப்பத்தொரு வருஷமா விசில்தான் அடிக்கிறேன்."

"அது தகர விசிலு. வாயால வருமா?"

வரவில்லை. ஒரு மணி நேரம் கற்றுக்கொடுத்தாள். "நாக்கைச் சுருட்டுங்க. அப்படி இல்ல, தோசை மடிக்கிற மாதிரி. ஊதுங்க." ஊதினேன். எச்சில் மட்டும் வந்தது. அவள் சட்டையில், காலண்டரில், வசந்தமணி கொண்டுவந்த காபியில். வசந்தமணியும் முயற்சி செய்தாள். முதல் ஊதலிலேயே அவளுக்கு வந்துவிட்டது! இருபத்து மூன்று வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. "சின்ன வயசுல தோட்டத்துல கிளி வெரட்டுவோம்" என்று முகம் சிவந்தாள்.

நாகஜோதி சிரித்துத் தரையில் உருண்டாள். சிரிப்பு நின்றதும் சட்டென்று சொன்னாள்: "மாமா, எனக்குக் கோவம் வந்தா காதுக்குள்ள ரயிலு ஓடுற மாதிரி இருக்கும். என்ன செய்யுறேன்னே தெரியாது. முடிஞ்சப்புறந்தேன் கண்ணாடி கெடக்குறது தெரியும்."

வழக்கமாக நான் இந்த இடத்தில் புத்தி சொல்வேன். விதிமுறை ஒன்று. "ரயில் நிக்க எவ்வளவு நேரமாகும்?" என்று மட்டும் கேட்டேன்.

யோசித்தாள். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. அடுத்த தடவ எண்ணிப் பாக்குறேன்."

ஜனவரி 22, புதன்

டி.எஸ்.பி. ஆய்வு. எல்லோரும் விறைப்பாக நின்றோம். நானோ பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு நாக்கைச் சுருட்டும் பயிற்சியில் இருந்தேன். மூக்கில் ஏதோ அரித்தது, கையைக் கொண்டுபோனேன், விரல் வாய்க்குப் போனது, மூச்சு வெளியே வந்தது. என் வாழ்க்கையின் முதல் விசில். டி.எஸ்.பி. பேச்சை நிறுத்தினார். மைதானத்தில் ஒரு ஈ பறந்திருந்தாலும் கேட்டிருக்கும்.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. கண்டிப்பான ஆள் என்று பெயர் எடுத்ததற்கு இன்றுதான் பலன் கிடைத்தது. பக்கத்தில் நின்ற இரண்டு இளைஞர்களை விசாரித்தார்கள். பிறகு நானே போய் ஒப்புக்கொண்டேன். மெமோ வந்துவிட்டது.

கூடத்தில் வசந்தமணியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கிஷோர் அறைக்குள் ஒரு சத்தம். சிரிப்பை அடக்கினால் மூக்கு வழியாக வருமே, அந்தச் சத்தம். இருவரும் அப்படியே நின்றோம். மறுபடி வரவில்லை. ஆனால் ஒரு தடவை வந்தது.

ஜனவரி 25, சனி

கிஷோர் இப்போது சனிக்கிழமை மட்டுமல்ல, தினமும் பஞ்சர் கடைக்குப் போகிறான். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறான்.

மாலை பெற்றோர் கூட்டத்தில் பேச்சியம்மாளை ஓரமாகக் கூப்பிட்டேன். "ஏம்மா, பையன் அங்க என்னதான் பேசுறான்?"

"நல்லாத்தேன் பேசுறான்."

"என்ன பேசுறான்?"

"நல்லாத்தேன் பேசுறான்ண்ணே." அதே வரி, அதே முகம். இந்தப் பெண்மணி போலீசில் சேர்ந்திருக்க வேண்டும். இல்லை, பிடிபட்டிருக்க வேண்டும். எந்த விசாரணையிலும் வாய் திறந்திருக்க மாட்டார்.

ஜனவரி 29, புதன்

இன்று நான் செய்தது குற்றமில்லை. கண்காணிப்பு.

ஏட்டு மாரிச்சாமியின் வண்டியை இரவல் வாங்கினேன். முகம் முழுக்க மறைக்கும் ஹெல்மெட். மஃப்டி. பைபாஸுக்கு நூறு அடிக்கு முன்னால் நிறுத்தி, பின் டயரில் ஆணியை நானே குத்தினேன். முதல் ஆணி வளைந்துவிட்டது. இரண்டாவது இறங்கியது.

கடையில் பேச்சியம்மாள் இல்லை. கிஷோர் மட்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். என் மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"என்னண்ணே, பஞ்சரா?"

தலையாட்டினேன்.

டயரைக் கழற்றினான். ட்யூபைத் தண்ணீரில் முக்கினான். குமிழ் வந்த இடத்தைக் கட்டை விரலால் பொத்திக்கொண்டான். விரல்கள் எவ்வளவு பொறுமையாக இருந்தன! பள்ளிக்கூடத்தில் அவன் கையெழுத்துக்காக எத்தனை முறை அந்த விரல்களில் ஸ்கேலால் அடித்திருப்பேன்.

"எங்கிட்டுண்ணே ஆணி ஏறுச்சு?"

கையைக் காட்டினேன். குரல் வந்தால் தெரிந்துவிடும்.

"பேச்சு வராதாண்ணே உங்களுக்கு?"

தலையாட்டினேன். ஹெல்மெட்டுக்குள் ஒரே வியர்வை. கண்ணெல்லாம் எரிந்தது. வியர்வைதான்.

"காத்து எவ்வளவு வைக்கட்டும்?"

விரலால் காட்டினேன். முப்பத்தைந்து என்பதை விரலால் காட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

ஆக மொத்தம் நாலு கேள்வி. ஆறு மாதத்தில் முதல் முறையாக என் மகன் என்னிடம் நாலு கேள்வி கேட்டான். நாலாவது வந்த பிறகு கிளம்ப மனமே இல்லை. முன் டயரிலும் குத்திக்கொண்டு வந்திருக்கலாம்.

பிப்ரவரி 1, சனி

நாகஜோதி செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுக் கடைக்கு வந்தீங்களாமே மாமா?"

"யார் சொன்னா?"

"கிஷோர்ண்ணேதேன். ஆளு நடந்து வந்தப்பவே தெரிஞ்சு போச்சாம். உங்க தொப்பைக்கு யாராலயும் ஹெல்மெட் மாட்ட முடியாதாம்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் "அண்ணே" என்றான். தெரிந்தேதான் நாலு கேள்வி கேட்டான்.

"அழுகுறீங்களா மாமா?"

"இல்லை. சிரிக்கிறேன்."

உண்மையில் எது என்று எனக்கே தெரியவில்லை. வசந்தமணி வந்தாள், விஷயத்தைக் கேட்டாள், அவளுக்கும் அதே நிலை. நாகஜோதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பெரியவங்களுக்குந்தேன் முதல்ல இந்தக் குழு வேணும்" என்றாள்.

பிப்ரவரி 8, சனி

இன்று கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

மண்டபத்தில் யார் வீட்டுக் காதுகுத்தோ. முன்பதிவை எங்களிடம் சொல்ல மண்டபத்துக்காரர்கள் மறந்துவிட்டார்களாம். ஷர்மிளா பானு சளைக்கவில்லை. பெற்றோர் எல்லோரையும் சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குள் கூட்டிப்போனாள். அரிசி மூட்டைமேல் சிலர், கவிழ்த்த அண்டாமேல் சிலர். நான் வெங்காய மூட்டைமேல். "இன்னிக்கு, யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்ல விரும்புறவங்க சொல்லலாம். கட்டாயம் இல்ல" என்றாள்.

நான் சொல்வதாக இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. வெங்காய வாடை காரணமாக இருக்கலாம்.

போன ஜூலை இருபத்து மூன்று. கிஷோர் இரண்டு மாதமாகக் கல்லூரிக்கே போகவில்லை என்று அங்கிருந்து போன் வந்தது. காலையில் பஸ் ஏறிப்போய் ஒரு பூங்காவில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்பியிருக்கிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஸ்டேஷனில் இருந்த என் பழைய நண்பரிடம் சொன்னேன்: "ஒரு நாள் உள்ள வைங்க, பயந்து திருந்துவான்." வழக்கில்லை, புகாரில்லை...

"குழந்தையின் தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்!" என்று வெளியே மைக் அலறியது. நிறுத்தினேன். மைக் நின்றது. தொடர்ந்தேன்.

காலை பத்து முதல் மாலை நாலு வரை என் மகன் லாக்கப்பில் இருந்தான். நான் எதிர்த்த டீக்கடையில் இருந்தேன். ஒரு தரம்கூட உள்ளே போகவில்லை. போனால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். நாலு மணிக்குக் கூட்டிவந்தேன். அன்றிலிருந்துதான்...

"தாய்மாமன்! தாய்மாமன்! நல்ல நேரம் முடியப் போகிறது!"

அன்றிலிருந்துதான் பேசவில்லை. மூன்று வாரம் கழித்து அவன் சாக நினைத்தான். வசந்தமணி சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள். காய்ச்சல் என்று எல்லோரிடமும் சொன்னேன். இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். காய்ச்சல் இல்லை. குறட்டையும் இல்லை. பிள்ளையைத் தனியாக விட வசந்தமணிக்குப் பயம்.

பக்கத்து அண்டாமேல் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள், "தெரியும்ண்ணே" என்றார்.

"தெரியுமா?"

"கடைக்கு வந்த மூணாம் நாளே சொல்லிட்டான்."

"தெரிஞ்சுமா உங்க பொண்ண என் வீட்டுக்கு அனுப்புனீங்க?"

"பயமாத்தேன் இருந்துச்சு. ஷர்மிளா மேடத்துக்கிட்ட கேட்டேன். உங்க வீட்டம்மா கூடவே இருப்பாங்கன்னு சொன்னாங்க. நாகஜோதிகிட்டயும் கேட்டேன். ‘அந்தாளு கத்துனா நானும் கத்துவேன்'னா. சரி, சரிசமமாத்தேன் இருக்கும்னு விட்டேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். என்னாலும் அடக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பட்டு வேட்டி கட்டிய ஒருவர் எட்டிப் பார்த்து, "அட, மாப்பிள்ளை வீட்டு ஆளுக எல்லாம் இங்கயா ஒளிஞ்சிருக்கீக? பந்தி ஆறுது, வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். காதுகுத்தில் மாப்பிள்ளை வீடு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பதினொரு பேரும் போய் உட்கார்ந்தோம். கண் வீங்கிய பதினொரு பேர். பரிமாறியவர், "குழந்தைக்கு வலிச்சத நெனச்சு அழுதீகளாக்கும்" என்று எனக்கு மட்டும் இரண்டு வடை வைத்தார்.

வரும் வழியில் வசந்தமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தெருவில். யூனிஃபார்ம் இல்லாததால் ஆட்சேபிக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஷர்மிளா பானுவிடம் கேட்டேன்: அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிடட்டுமா? "கேளுங்க சார். ஆனா உங்க பாரம் குறையணும்னு கேக்காதீங்க. அவன் கேக்கத் தயாரா இருக்கிறப்ப கேளுங்க" என்றாள். எப்போது தயார் என்று எப்படித் தெரியும்?

பிப்ரவரி 15, சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பத்து மணிக்கு நாகஜோதி வரவில்லை. பத்தரைக்குப் பேச்சியம்மாள் போன்: "அண்ணே, அங்க வந்தாளா? உங்க வீட்டுக்குன்னுதேன் எட்டு மணிக்கே கெளம்புனா." நேற்று அவள் பிறந்தநாள். ஆறு வருடத்துக்கு முன் விட்டுவிட்டுப் போன தகப்பன் மதுரையிலிருந்து பேசி, வருகிறேன் என்று சொன்னாராம். புது உடுப்பு போட்டு மாலை வரை கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் வரவில்லை.

வண்டியை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டு, கோயில், பள்ளிக்கூடம், எங்கும் இல்லை. பதினொன்றேகாலுக்கு போன் அடித்தது. திரையில் கிஷோர். அவன் பெயர் அந்தத் திரையில் வந்து எத்தனை நாளாயிற்று!

"அப்பா, ஸ்டேஷனுக்கு வாங்க. சீக்கிரம்." வைத்துவிட்டான்.

காந்தி சிலையில் சிவப்பு விளக்கைத் தாண்டினேன். என் சிக்னலை நானே மீறினேன். ஸ்டேஷன் படியில் இரண்டிரண்டாக ஏறி, நேரே லாக்கப் முன்னால் போய் நின்றேன். காலி. இப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். தரையில் ஈரம். மூலையில் மடக்கிய ஒரு கோணிப்பை. ஆறு மணி நேரம் அவன் எந்த மூலையில் உட்கார்ந்திருப்பான்? கம்பியைப் பிடித்துக்கொண்டு போன் போட்டேன்.

"எங்கப்பா இருக்க? நான் லாக்கப் முன்னாடி நிக்கிறேன்."



"அங்க எதுக்குப் போனீங்க? ரயில்வே ஸ்டேஷன்ப்பா!"

மறுபடி ஓடினேன். பாராவில் நின்ற காவலர், "என்ன சார், வந்தீங்க, பாத்தீங்க, ஓடுறீங்க?" என்றார்.

மதுரை வண்டி நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது பெட்டியில் ஜன்னலோரம் நாகஜோதி. எதிரில் கிஷோர். என்றைக்காவது இந்த வண்டியில் ஏறிவிடுவேன் என்று கடையில் வைத்து அவனிடம் சொல்லியிருக்கிறாள். அதனால் நேரே இங்கே வந்திருக்கிறான்.

"யாராச்சும் கையப் புடிச்சு இழுத்தீங்க, அவ்வளவுதேன்" என்றாள். கன்னமெல்லாம் காய்ந்த கண்ணீர்.

முப்பத்தொரு வருடத்தில் நான் இழுக்காத கை இல்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "இழுக்கல. டிக்கெட் எடுத்தியா?"

"இல்ல."

"நானும் இல்ல."

கிஷோர் போனில் சொல்லி, பேச்சியம்மாளும் நடைமேடையில் ஓடிவந்தார். கையில் டயர் நெம்புகிற கம்பி. கீழே வைக்க மறந்துவிட்டார். அவர் ஏறவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது.

"எங்கடி போற?"

"மதுரைக்கு. அப்பாட்ட கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"ஏன் வரலன்னு. ஏன் போனேன்னு."

பேச்சியம்மாள் மூச்சு வாங்கியபடி மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "சரி, கேளு. நானும் வாரேன். எனக்கும் ஒண்ணு கேக்கணும். என் பதினாறாம் நம்பர் ஸ்பேனர எங்க வச்சுட்டுப் போனான்னு. ஆறு வருசமா தேடுறேன்."

முதலில் கிஷோர் சிரித்தான். நான் பார்த்தேன், பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து. அப்புறம் நாகஜோதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் பிடித்துவிட்டது. பேச்சியம்மாள் மடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்த நேரத்தில்தான் டிக்கெட் பரிசோதகர் வந்தார். அவர் பார்த்தது: கையில் இரும்புக் கம்பியோடு ஒரு பெண்மணி, விக்கலோடு ஒரு பெண், கைகளின்மேல் உட்கார்ந்திருக்கும் தொப்பைக்காரர், மசி அப்பிய ஒரு பையன். நாலு பேரிடமும் டிக்கெட் இல்லை.

"நீங்க என்ன சார் வேலை பாக்குறீங்க?"

"போக்குவரத்துப் பிரிவு" என்றேன். பெட்டியே சிரித்தது. அபராதம் கட்டினேன். ரசீதை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வயல்கள் ஓடின. விக்கல் நின்றது. நாகஜோதி ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு அட்ரஸே தெரியாதும்மா. மதுரை பெருசுல்ல?"

"எங்கிட்ட இருக்கு. நீ எப்பக் கேட்டாலும் கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கே வேணும்னாலும் சரி."

ரொம்ப நேரம் வெளியே பார்த்தாள். "இன்னிக்கு வேணாம். பசிக்குது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, ரயிலு நிக்க எவ்வளவு நேரமாகும்னு கேட்டீங்கள்ல? காலையில இருந்து எண்ணுனேன். ஆளுக பக்கத்துல உக்காந்தா சீக்கிரமா நிக்குது."

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஆளுக்கு நாலு புரோட்டா தின்றோம். பேச்சியம்மாள் புரோட்டாக் கடையிலிருந்தே ஷர்மிளா பானுவைப் போனில் கூப்பிட்டார். மத்தியானமே மண்டபத்துக்குத் தாயையும் மகளையும் வரச் சொல்லியிருக்கிறாள்.

திரும்புகிற பஸ்ஸில் தாயும் மகளும் முன்னால். பின்னால் இருவர் சீட் ஒன்றுதான் காலி. கிஷோர் நின்றான். நானும் நின்றேன். கண்டக்டர், "உக்காருங்கப்பா, யாரு வழிய மறிக்கிறது?" என்று திட்டினார். உட்கார்ந்தோம். தோள் இடித்தது.

இரண்டு நிறுத்தம் போனது. நான் ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்: "அன்னிக்கு நான் எங்கயும் போகலப்பா. எதிர்த்த டீக்கடையிலதான் இருந்தேன்."

"தெரியும். உங்க இருமல் கேட்டுச்சு."

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒவ்வொரு தடவ இருமுறப்பவும், இதோ வந்துருவாருன்னு நெனச்சேன்."

பஸ் குலுங்கியது. என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. பார்த்தேன். "வந்திருக்கணும். உன்னை உள்ள வச்சதே தப்பு. ஏன் காலேஜுக்குப் போகலைன்னு முதல்ல உன்கிட்ட கேட்டிருக்கணும். மன்னிச்சிருப்பா." குரல் உடைந்துவிட்டது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

கிஷோர் நகத்திலிருந்த மசியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "உடனே எல்லாம் சரியாயிரும்னு நெனைக்காதீங்க."

"இல்ல."

"நாளைக்குப் பேச மாட்டேன்."

"சரிப்பா."

"நாளன்னிக்குப் பாக்கலாம்."

"சரி."

ஊர் வரும்வரை பேசவில்லை. ஆனால் அவன் தோளை எடுக்கவும் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பேசவில்லை. சொன்ன சொல் தவறாத பிள்ளை.

பிப்ரவரி 17, திங்கள்

காலை ஏழரை மணி. டூட்டிக்குக் கிளம்பி வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அறைக்கதவு திறந்தது. கையில் இட்லித் தட்டோடு கிஷோர் வந்து கூடத்தில் உட்கார்ந்தான். நான் வீட்டில் இருக்கும்போதே. ஒரு இட்லியை முடித்தான்.

"அப்பா."

நிமிர்ந்தேன்.

"சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். ஆமாம். மேலிருந்து கீழ் வரை எல்லாமே ஒன்று தள்ளி. அவிழ்த்துப் போட முயன்றால் விரல் ஒத்துழைக்கவில்லை. வசந்தமணி வந்து போட்டுவிட்டாள். அவள் கையும் அதே நிலைதான். கிஷோர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "ஒரு பட்டனுக்கு ரெண்டு பேரா?" என்று இரண்டாவது இட்லியைப் பிட்டான்.

காந்தி சிலை சிக்னலில் இன்று ஹெல்மெட் போடாத பதினொரு பேரை நிறுத்தினேன். ஒருவருக்கும் அபராதம் போடவில்லை. "வீட்ல பிள்ளைங்க பேசுறாங்களா?" என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். பன்னிரண்டாவது ஆள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், நான் வாயைத் திறக்கும் முன்பே லைசென்ஸ், ஆர்.சி. புக், ஆதார் கார்டு மூன்றையும் எடுத்து நீட்டிவிட்டார்.